பொய்க் கடிதத்தின் நகல்

என் இரும்புப் பெட்டியின் அடியில் பழுப்பேறிய ஒரு கார்பன் நகல் கிடக்கிறது. நானே தட்டச்சு செய்த பொய். எழுபதுகளின் கடைசியில், மலேசியத் தேயிலை மலையூரான தானா ராத்தாவில் வக்கீலம்மா ஞாயிறுதோறும் மேசை போட்டு உட்காருவார். சிறைக்குப் போய்வந்தவர்களுக்கு மறுபடி வேலையும் வீடும் கிடைக்க, காசு வாங்காமல் மனு எழுதித் தருவார். தட்டச்சு என் பொறுப்பு. குளிரில் விரல் விறைக்கும்போது தன் பிளாஸ்க் காப்பியில் பாதியை எனக்கு ஊற்றுவார். அந்த ஞாயிறுகளுக்கு நான் இன்னமும் ஏங்குகிறேன்.

மண் சரிந்து, வக்கீலம்மா ஏறிவரும் தாப்பா பஸ் வராத ஒரு ஞாயிறு, அவர் இல்லாத நேரத்தில் ஒருவர் வந்தார். தேயிலைச் செடியின் கிளைகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுபவர். திருவிழாச் சண்டையில் அந்தக் கவ்வாத்துக் கத்தியாலேயே பக்கத்து வீட்டுக்காரரின் தோளை வெட்டிவிட்டு, இரண்டு வருடம் உள்ளே இருந்தவர். வேலை கிடைக்காவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். தோட்ட மேனேஜரான துரையோ புதியவர், ஒன்றும் அறியாதவர். லயத்தில் யாரும் ஜெயில் என்று சொல்வதில்லை. "ஊருக்குப் போயிருக்காரு" என்பார்கள்; ஊர் என்றால் இந்தியா. வெட்டுப்பட்டவர் வீட்டிலும் அதே பேச்சுதான். நானும் இரக்கப்பட்டு, இரண்டு ஆண்டு இந்தியாவில் இருந்தார் என்று துரைக்குக் கடிதம் தட்டிக் கொடுத்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பு வேறு!

துரை பாஸ்போர்ட்டைக் கேட்டிருக்கிறார். மனிதர் திருதிருவென விழித்திருக்கிறார். மறுவாரம் அவர் வந்து நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வக்கீலம்மா திட்டவில்லை.

"மானத்தக் காப்பாத்தப் போயி அவர பொய்யனாவும் ஆக்கிட்டியேம்மா. சரி, புதுசா அடி."

மறுநாள் விடிந்ததும், தொழிலாளர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பெரட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கவ்வாத்துக்காரரின் சம்மதத்தோடு, புதுக் கடிதத்தை துரைக்கு ஆங்கிலத்திலும் மற்றவர்களுக்குத் தமிழிலும் படித்தார். ஒருவரை வெட்டினார், தண்டனை முடிந்து வந்திருக்கிறார், இவ்வளவுதான் கடிதம். இவர் கையில் மறுபடி கத்தியை எப்படி நம்பிக் கொடுப்பது என்று துரை கேட்டார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அதைத் தமிழில் சொன்னதும் வெட்டுப்பட்டவர் வரிசையைவிட்டு முன்னால் வந்தார்.

"வெட்டு வாங்குனது நான்தானே கிராணி. குடுக்கச் சொல்லுங்க. இவன் பக்கத்து நிரையில நானே நிக்கிறேன்லா."

துரை கங்காணியைப் பார்த்துத் தலையசைத்தார். கங்காணி நீட்டிய கத்தியை வாங்கிக்கொண்டு, கவ்வாத்துக்காரர் வெட்டுப்பட்டவரின் பக்கத்தில் போய் நின்றார்.

இப்போது கவ்வாத்து வெட்ட இயந்திரம் வந்துவிட்டது. வக்கீலம்மாவும் இல்லை. இந்த நகலை மட்டும் எனக்குக் கிழிக்க மனம் வரவில்லை. இதில் அந்த மனிதர் யாரையும் வெட்டவில்லை. அதனால் அவரை மன்னிக்கவும் இதில் ஒருவரும் இல்லை.