மைதீன் பாய் வீட்டு இரட்டை வேடக் கம்ப்யூட்டர்

பழைய கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கிறவனை கம்ப்யூட்டர் படுத்துறதைவிட, அதை வச்சிருக்கிறவங்க படுத்துறதுதான் ஜாஸ்தி. இதே தொழில்ல மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தென்காசி மைதீன் பாய்க்கு எட்டுத் தறி. லுங்கி, எங்க பேச்சுல சாரம், நெய்து துபாய்க்கு அனுப்புறவர். ரொம்ப வருசத்துக்கு முந்தி அவர் போட்ட ஒரு கட்டம் போட்ட டிசைனை அங்கன ஒரு கடைக்காரர் திரும்பக் கேட்டுட்டார். எந்த நிறத்துல எத்தனை இழைங்கிற விவரம் ஒரு கேசட்டுல இருக்கு. வெள்ளிக்கிழமை மாதிரித் துணி போகலைன்னா ஆர்டர் போச்சு, எட்டுத் தறியும் சும்மா கிடக்கும். கேசட்டோ பழைய மாடல் கம்ப்யூட்டருக்குப் பதிஞ்சது. பாய்கிட்ட இருக்கிறது அதுக்கு அடுத்த மாடல். ஒரு பட்டனை அமுக்கிக்கிட்டே சுவிட்சைப் போட்டா, இதுவும் பழைய மாடலாவே நடிக்கும். ரிப்பேர் பாத்து அதையும் சொல்லிக் குடுத்துட்டு வந்தேன். அங்க ஆரம்பிச்சது சனியன்.

நம்பர் பட்டன்

மறுநாளே போன். வலது பக்கத்து நம்பர் பட்டன் ஒண்ணுகூட வேலை செய்யலையாம். "பாய், பழைய மாடல்ல அந்தப் பட்டன்களே கிடையாது. அதனால அது பழசா நடிக்கும்போது இதுகளைக் கண்டுக்கிடாது"ன்னு விளக்கினேன். பாய் கேட்டார்:

"வேலை செய்யாம இருக்கதுக்குன்னு ஒரு வசதியா? அதுக்குத்தான் என் மச்சினன் இருக்கானே, வே!"

மதினியின் விரல்

பாய் தறியில இருந்த நேரம், அவர் வீட்டம்மா போன்ல கூப்பிட்டு, பொட்டி பழசா மாற மாட்டேங்குதுன்னாங்க. நான் சுரண்டையில ஒரு கடையில இருந்தேன். "மதினி, அந்தப் பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே சுவிட்சைப் போடுங்க, இந்தா வாரேன்"னு சொல்லிப் போனை வச்சிட்டேன். எப்ப விடணும்னு சொல்லலை, பாவிப்பய நான்! பஸ் கிடைச்சு வந்து சேர ரெண்டு மணி நேரம். மதினி ஒரு கையைப் பட்டன்ல வச்சுக்கிட்டு மறு கையால கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தாங்க.

"மத்தியான லுகர் தொழுகைக்கே பாங்கு சொல்லியாச்சு, இப்பவாவது கையை எடுக்கலாமா தம்பி?"

சாரல்

கேசட் முழுசா ஏற இருபது நிமிசம் ஆகும். சீசன் நேரம், குற்றாலத்துக் காத்து இங்கன வரைக்கும் அடிச்சு கரண்டு போய்ப் போய் வந்துது. வர்ற ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் புது மாடலாவே எந்திரிக்கும். மறுபடி பட்டன், மறுபடி கேசட். மூணாவது தடவை பாய் துண்டை எடுத்துத் தோள்ல போட்டார்.

"நான் ஐந்தருவியில போயி தலையைக் குடுத்துட்டு வாரேன், இல்லேன்னா இந்தப் பொட்டியைத் தூக்கி எறிஞ்சிருவேன்!"

வியாழக்கிழமை

கடைசியில என் கடை யு.பி.எஸ்.ஸையே தூக்கிட்டுப் போனேன். கேசட் முழுசா ஏறிட்டு. திரையில பச்சை, வெள்ளை, நடுவுல ஒத்தைச் சிவப்பு இழை. பாய்க்குக் கண்ணு கலங்கிட்டு, எனக்கும்தான். "ஏட்டி, இங்கன ஓடி வா!"ன்னு கத்தினார். மதினி சுடுகுழம்புச் சட்டியைத் துணியால பிடிச்சுக்கிட்டே வந்தாங்க. திரையைப் பாத்தாங்க. சட்டியை இறக்கி வச்சிட்டு, கையில இருந்த துணியை விரிச்சுக் காட்டினாங்க. அதே கட்டம், இழையைக்கூட எண்ணிக்கிடலாம்.

"நீங்க உடுத்திக் கிழிச்ச சாரம்தானே இது, அடுப்படியில இன்னும் நாலு துண்டு கிடக்கு, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா?"

மாதிரித் துணி வெள்ளிக்கிழமை போயிட்டு, ஆர்டரும் வந்துட்டு. இப்பல்லாம் எந்த வீட்டுக்கு ரிப்பேருக்குப் போனாலும், ஸ்க்ரூ டிரைவரை எடுக்கதுக்கு முன்னால அடுப்படியில ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்.