லேகியம் மருந்தில்லை

கேட்டி என்ற அமெரிக்க ஊரில் ஒரு வங்கி கவுன்ட்டரில் நின்று நாள் முழுக்கச் சிரிப்பவள் ஜெயகுமாரி. அங்கே அடக்கிய கோபத்தையெல்லாம் வீட்டுக்கு வந்து கிருபைராஜ் தலையில் கொட்டுவாள். புருஷன் என்று ஒருத்தன் வேறு எதற்கு? 1985இல் அவளுடைய சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது டாக்டர்களையே ஒரு பிடி பிடித்தாள். நியூஜெர்சியிலிருந்து தம்பி தாமஸ் வந்து தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தான். அன்றைக்கு மட்டும் அவளுக்குத் திட்ட வார்த்தை கிடைக்கவில்லை.

அதன்பின் தினமும் எண்ணெய் போல ஒரு மருந்து. ஆரஞ்சு ஜூஸில் கலக்கினாலும் நாற்றம் மூக்கைத் துளைக்கும். ஏன் என்று கேட்டதற்கு டாக்டர் விளக்கினார். ரத்தத்தில் காவல் காக்கும் அணுக்கள் அந்நியச் சரக்கைக் கண்டால் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பிக் கூட்டம் சேர்க்குமாம். தம்பியின் சிறுநீரகமும் அவற்றுக்கு அந்நியம்தான். மருந்து அந்தச் சேதியைத் தடுக்கிறது, கூட்டம் சேராது. நிஜமான கிருமி வந்தாலும் சேராது. ஆகவே, சளி பிடித்தவன் எவனானாலும் வாசலோடு சரி.

உதவிக்குப் பெரம்பூரிலிருந்து வந்திறங்கினாள் கிருபைராஜின் அக்கா எலிசா. ஜெயா இளைத்திருப்பதைப் பார்த்து அழுதாள். அழுத கையோடு சமையலறையைக் கைப்பற்றினாள்.

கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் பண்ணினாள். ரத்தப் பரிசோதனை சரியில்லை, சிறுநீரகம் தடுமாறுகிறது, உடனே வரவேண்டும். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?

"இல்லவே இல்லை" என்றாள் ஜெயா. போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். "அண்ணி, எனக்கு ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"சீச்சீ, நான் எதுக்கும்மா மருந்து குடுக்கப்போறேன்? வெல்லக் கஞ்சியில லேகியம்தான் கலந்தேன்."

"என்னது?"

"எதிர்ப்பு சக்தி ஏறணும் இல்ல? வெள்ளைக்காரன் அடக்கி அடக்கி உன்னை எலும்பும் தோலுமா ஆக்கிட்டான். இது நம்ம வைத்தியர் கிண்டினது. சாப்பாடு மாதிரிதான்."

ஜெயா போனை வைத்தாள். மேசைமேல் இருந்த தட்டு சுவரில் போய் மோதியது.

"ஏறினா யாரைக் கடிக்கும் தெரியுமா? என் தம்பியை! வயித்துல அவன் உக்காந்திருக்கான், நீங்க நாயை அவுத்து விட்டிருக்கீங்க!"

கிருபைராஜ் ஓடிவந்தான். "பெரியவங்க, ஏதோ பாசத்துல..."

"பாசமா? நீங்க வாயை மூடிட்டு காரை எடுங்க. அண்ணி, அந்த டப்பாவோட ஏறுங்க. டாக்டர்கிட்ட உங்க வாயாலயே சொல்லணும்."

ஃப்ரீவே முழுக்க எலிசா ஜெபித்தாள், ஜெயா திட்டினாள். கர்த்தர் காதில் எது முதலில் விழுந்ததோ தெரியாது.

டாக்டர் டப்பாவை முகர்ந்து பார்த்தார். இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, இது இல்லாமலும் இப்படி ஆவதுண்டு என்றார். ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத எதையும் தொடக்கூடாது. கிளம்பிவிட்ட காவல் அணுக்களை அடக்க நரம்பில் மருந்து ஏற்றினார்கள். ஜெயா தாமஸுக்குப் போன் பண்ணவில்லை. பண்ணி என்ன சொல்வது? நீ கொடுத்ததைக் காப்பாற்றத் துப்பில்லை என்றா? சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, தையல் போட்ட இடத்தைத் தடவிக்கொண்டே கிடந்தாள்.

சிறுநீரகம் பிழைத்தது. வீடு திரும்பியபோது எலிசா பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"நான் இருந்தா உனக்கு ஆபத்து, ஜெயா."

"ஆமா, ஆபத்துதான். இருங்க. இருமிக்கிட்டு வர்றவங்களை வாசல்லயே விரட்டுங்க. ஆனா அடுப்புப் பக்கம் வந்தீங்க, கையை ஒடிச்சிடுவேன்."

எலிசா முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். "காப்பி கூடவா?"

"காப்பி கூடத்தான்."