பதினெட்டாம் தேதி

காளியாத்தாள் வீட்டுக் கட்டுத்தரையில் எல்லா உயிருக்கும் இங்கிலீஷ் பெயர் இருந்தது. கிணற்றடியில் கவலை இழுத்துத் தண்ணீர் இறைக்கத் தயங்கித் தயங்கி நடக்கும் காளை, ரிலக்டன்ட். எவ்வளவு போட்டாலும் அடங்காமல் தின்னும் எருமை, வொரேஷியஸ். விடிந்தது முதல் ஓயாமல் கொக்கரிக்கும் கோழி, கேருலஸ்.

பள்ளி இறுதிப் பரீட்சையில் கடினமான சொற்களாகப் பார்த்துக் கேட்பார்கள். பொருள் எழுதி வாக்கியத்திலும் அமைக்க வேண்டும். சேலத்தில், பெண்கள் விடுதியில், நாங்களெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு உருப்போட்டோம். அவள் மட்டும் விடுமுறைக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் இருந்த தன் ஊருக்குப் போய், ஒவ்வொரு சொல்லையும் ஒரு வாயில்லா ஜீவன்மேல் ஏற்றிவிட்டு வருவாள்.

அந்தப் பெயர்களை உரக்கச் சொன்னவன் அவளுடைய அண்ணன் மயில்சாமி. அவன் ஐந்தாவதோடு நின்றவன்.

"ஏ ரிலக்டன்ட், நடடா!"

"ஏன்டா, மாட்டைத் திட்டறயா, மந்திரம் ஓதறயா?" என்று அவர்களுடைய அப்பா வெள்ளியங்கிரி கேட்பார்.

"உங்க மவளக் கேளுங்க. நம்மூட்டு எருமகூட எட்டாவது பாசாயிருச்சுங்க."

அவரும் சிரிப்பார். ஆனால் மகளிடம் ஒரு பேச்சு வைத்திருந்தார். "ஒரே தடவதான் சாமி. பாசானா வாத்தியாரம்மா படிப்புக்கு நானே கொண்டுபோயிச் சேத்தி உடறேன். இல்லீன்னா ஆவணில கண்ணாலம்."

தை மாதம் மயில்சாமிக்குப் பெண் அமைந்தது. நல்லம்மாள் என்று பெயர். முகூர்த்தம் குறிக்கப் போகுமுன் வெள்ளியங்கிரி மகளிடம், "உன்ற பரீட்ச எப்பக் கண்ணு?" என்று கேட்டார்.

"பதினெட்டாந்தேதிங்கப்பா. மொதல்ல இங்கிலீஷுதானுங்க."

அவர் அதை மறக்கவில்லை. பெண்வீட்டார் பங்குனியில் இரண்டு நாள் சொன்னார்கள். பதினெட்டுக்கு வெகு முன்னால் இருக்கிறதென்று ஐந்தாம் தேதியைக் கேட்டு வாங்கினார். கல்யாணம் முடிந்து மகள் நிம்மதியாகப் பரீட்சைக்குப் போகலாம் என்று நினைத்தார். அந்த வீட்டில் விதைப்பும் அறுப்பும் தமிழ்த் தேதியில்தான் நடந்தன; பதினெட்டு என்றதும் அவர் பங்குனி பதினெட்டு என்றே எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் சொன்ன பதினெட்டு, மார்ச்சு மாதத்துப் பதினெட்டு. அந்த வருஷம் அதுவும் பங்குனி ஐந்தும் ஒரே நாள்.

படிப்பதற்காக விட்ட விடுமுறையில் ஊருக்குப் போனபோதுதான் அவளுக்குக் கல்யாண நாள் தெரிந்தது. அதற்குள் பெண்வீட்டில் பந்தற்கால் நட்டாயிற்று.

"பதினெட்டுன்னு சொன்னயே கண்ணு?"

"மார்ச்சுங்கப்பா."

வெள்ளியங்கிரி தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே நின்றார். "உனக்காவத்தானே முன்னால வெச்சேன்," என்றார்.

அவர்கள் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் கூறைப்புடவையோடு அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். அது நடக்காமல் தாலி கட்டமாட்டார்கள். மயில்சாமிக்கு இருந்தது ஒரே தங்கை.

"சித்தப்பன் மவ நிக்கட்டும்," என்றான் மயில்சாமி.

சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரர் ஒப்பவில்லை. "கூடப் பொறந்தவ உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தி நிக்கறதா? அவ செத்தாத்தானப்பா அது மொற."

"அப்பக் கண்ணாலத்தத் தள்ளுங்க."

அதுவரை கதவோரம் நின்ற காளியாத்தாள் அப்போதுதான் பேசினாள். "கால் நட்ட கண்ணாலத்தத் தள்ளுனா நல்லம்மாளத்தானுங்கண்ணா ராசி கெட்டவன்னு சொல்லுவாங்க. அவ என்ன பண்ணுனா? நான் நிக்கறேன்."

பரீட்சை அன்று எனக்கு முன்னால் அவள் இடம் காலியாக இருந்தது. கேள்வித்தாளில் ரிலக்டன்ட் வந்திருந்தது, வொரேஷியஸும் வந்திருந்தது. வாக்கியத்தில் ஓர் எருமையை எழுதினேன். எங்கள் வீட்டில் எருமை இருந்ததே இல்லை.

அதே நேரத்தில் சீரில் நின்றபடி மயில்சாமி, "இந்நேரம் மணி அடிச்சிருப்பாங்களா அம்மிணி?" என்று கேட்டானாம்.

"அடிச்சிருப்பாங்க. நேராப் பாருங்கண்ணா, மாப்பள அழுவக்கூடாது."

வைகாசியில் வெள்ளியங்கிரி தாமாகவே பள்ளிக்கு வந்து, அந்த ஒரு பரீட்சையை மட்டும் தனியாக வைக்க முடியுமா என்று கேட்டார். அடுத்த வருஷம் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும் என்றார்கள். அதற்குள் அவளை ஆவணியில் கட்டிக்கொடுப்பதாகப் பள்ளிபாளையத்தில் வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த வாக்கை மாற்ற அவருக்குத் தெரியவில்லை. சீரோடு எருமையையும் அனுப்பிவைத்தார்.

அடுத்த தை மாதத்தில் அவளைப் பார்க்கப் போனேன். அவள் கணவர் அங்கமுத்து தன்மையானவர். எருமையின் கயிற்றைப் பிடித்து, "லச்சுமி, இங்க வா. லச்சுமி!" என்று இழுத்துக்கொண்டிருந்தார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பொறந்த ஊட்டுச் செல்லமுங்க. வந்தன்னைலிருந்து செவுட்டு எருமையாட்டவே நிக்குது," என்று என்னிடம் சிரித்தார். பிறகு அவளைப் பார்த்து, "ஏன் புள்ள, உங்க ஊட்டுல இத என்னன்னு கூப்புடுவீங்க?" என்றார்.

"பேரெல்லாம் ஒண்ணும் வெக்கலீங்க," என்றாள் காளியாத்தாள்.

என் முகத்தைப் பாராமல் ஒரு கை சோளத்தட்டை எடுத்துப் போட்டாள். எருமை அதை ஒரே வாயில் வாரிக்கொண்டு, இன்னும் வேண்டுமென்று அவள் பக்கம் கழுத்தை நீட்டியது.