தெருவில் எரிந்த ஒரே அடுப்பு

நாங்கள் பெங்களூரை விட்டுத் தஞ்சாவூருக்குக் குடிவந்த முதல் ஐப்பசியில் நடந்தது இது. என் கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றாகிவிட்டது. பெங்களூர் வாடகையும் பள்ளிக் கட்டணமும் லாரித் தண்ணீரும் சேர்ந்து எங்களை விழுங்கிக்கொண்டிருந்தன. யோசித்து யோசித்து, கடைசியில் ஆறு வயதுப் பெண்ணையும் இரண்டு வயதுப் பையனையும் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டோம். ஊரின் ஓரத்தில், வயலை ஒட்டிய ஒரு பழைய தெருவில் வீடு கிடைத்தது.

தண்ணீருக்கு அலைந்தவர்களுக்கு ஆசை தீரத் தண்ணீர் கிடைத்தது. ஐப்பசி பிறந்ததும் பிடித்த மழை விடுவதாக இல்லை. துவைத்த துணி காயவில்லை, உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராக நின்றது, வாசலில் விட்ட செருப்புக்குள் தவளை உட்கார்ந்திருந்தது. மழையைக்கூடச் சமாளித்துவிட்டேன். தெருவோடுதான் பழகத் தெரியவில்லை. நானும் அவரும் பெங்களூரிலேயே, அடுக்குமாடி வீடுகளில் வளர்ந்த தமிழர்கள். இங்கே எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம், “எந்த ஊரு, யாரு வீட்டுக்கு உறவு?” என்று கேட்பார்கள். இரண்டுக்கும் என்னிடம் சரியான பதில் கிடையாது. சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். தெருவில் எங்களுக்குப் ‘பெங்களூர்க்காரங்க’ என்றே பெயர். இந்த ஊரில் ஒட்டுவோமா, மாட்டோமா என்பதுதான் வீட்டில் ஓயாத பேச்சு. ஒட்டாவிட்டால் கோடை விடுமுறையில் திரும்பிவிடுவது என்று முடிவும் செய்திருந்தோம்.

அப்படி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒருநாள் விடியற்காலையில் எதிர் வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். கீற்றுப் பந்தல் போட்டு மேலே தார்ப்பாய் கட்டினார்கள். சங்குச் சத்தம் கேட்டது. போவதா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பெங்களூரில் எங்கள் அடுக்குமாடியில் யாராவது இறந்தால் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும். கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். முன்பின் பேசாதவர்களின் துக்கத்தில் போய் நிற்பது மரியாதை இல்லை என்று நினைத்து, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டோம்.

பள்ளிக்கு மழை விடுமுறை. மகள் பஜ்ஜி வேண்டும் என்று காலையிலிருந்தே நச்சரித்தாள். வாழைக்காய் இருந்தது. நானும் ஒரு தட்டு நிறையப் போட்டு இறக்கினேன்.

இரண்டாவது ஈடு எண்ணெயில் இருக்கும்போது பக்கத்து வீட்டு அம்மா கொல்லைப்பக்கமாக வந்தார். தலையில் முந்தானையைப் போட்டிருந்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

“ஏம்மா, எதிர் வீட்டுல இன்னும் எடுக்கலையே. எடுக்குற வரைக்கும் தெருவுல யாரும் அடுப்பு பத்த வைக்க மாட்டோம். உங்க பக்கம் அந்த மொற இல்லையா?”

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. சாவு வீட்டுக்கு எதிரே பஜ்ஜி. அதுவும் மழை ஈரத்தில் வாசனை எங்கும் போகாமல் தெருவிலேயே நிற்கிறது. அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். கணவர் வந்து பார்த்துவிட்டு, “கோடை வரைக்கும் காத்திருக்க வேண்டாம் போலிருக்கே” என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி எந்த முகத்தோடு இந்தத் தெருவில் நடப்பது?

பிரெட்டும் பழமும் கொடுத்துப் பையனைத் தூங்க வைத்தேன். பன்னிரண்டு மணி இருக்கும், வாசல் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால், பெரியவரின் மூத்த மகள். அவரோடு அந்த வீட்டிலேயே இருந்து அவரைப் பார்த்துக்கொண்டவர். தலை கலைந்து, முகம் வீங்கி, சேலையெல்லாம் நனைந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“பஜ்ஜி போட்டது நீங்கதானுங்களா?”

“தெரியாமப் பண்ணிட்டேங்க. மன்னிச்சிடுங்க. அப்பவே அணைச்சிட்டேன்.”

“பத்த வைங்க” என்றார். எனக்குப் புரியவில்லை. “தங்கச்சி சிங்கப்பூர்லேர்ந்து வந்துக்கிட்டிருக்கு. அது வந்துதான் எடுக்கணும், மூணு மணிக்கு மேல ஆயிடும். குடவாசல்லேர்ந்து சம்பந்தி வீட்டுல பிள்ளைங்களுக்கு இட்லி கட்டிக்கிட்டு வந்தாங்க. ரோட்டுல தண்ணி ஏறி வண்டி வழியிலயே நிக்குது. சின்னப் பிள்ளைங்க எல்லாம் பசியில சுருண்டு கெடக்குதுங்க.”

“பக்கத்துல யாரும்...” என்று இழுத்தேன்.

“கேட்டா எப்படிங்க பத்த வைப்பாங்க? எங்கப்பா மேல அவ்வளவு மரியாதை அவங்களுக்கு. மொற விடாது. உங்களுக்குத்தான் மொற தெரியாதே.”

அதில் குத்தல் துளியும் இல்லை. மழை பெய்கிறது என்பதைப் போலச் சொன்னார். திரும்பிப் போகும்போது, “குக்கர் வேணாங்க, விசில் கேக்கும். தாளிக்கவும் வேணாம், பருப்புஞ்சோறு போதும்” என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

இருப்பதிலேயே பெரிய பாத்திரத்தில் சோறு வடித்தேன். கணவர் குடையோடு நாலைந்து நடை போய், பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகக் கூட்டி வந்தார். ஈரத் தலைகளைத் துவட்டி, என் மகளின் கவுன்களையும் கணவரின் பனியன்களையும் மாட்டிவிட்டோம். சோறு வேகும்வரை பொறுக்காமல் ஆறிப்போன பஜ்ஜியை முதலில் தீர்த்தார்கள். பிறகு நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சோறு. கைக்குழந்தை ஒன்றுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்ததும் கூடத்தில் போட்ட பாயிலேயே எல்லாம் தூங்கிவிட்டன. பக்கத்து வீட்டு அம்மா மறுபடி கொல்லைப்பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். ஒரு சொம்புப் பாலை வைத்துவிட்டுப் போனார்.

தங்கை வந்து சேர்ந்தபோது நாலு மணி. அவர் அழுத சத்தம் மழையை மீறிக் கேட்டது. இந்த முறை நான் கதவைச் சாத்தவில்லை. எடுத்துக்கொண்டு போன பிறகு, எல்லா வீட்டுப் பெண்களும் குடத்தோடு வந்து அவரவர் வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள், அந்தக் கொட்டும் மழையிலும். நானும் ஒரு வாளி எடுத்து ஊற்றினேன்.

அந்தக் கோடை வந்தது, போனது. நாங்கள் எங்கும் போகவில்லை. தெருவின் வழக்கங்களை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன், கொஞ்சம் பெருமையோடுதான். போன மாசியில் தெருக்கோடி வீட்டில் ஒரு சாவு. காலையிலேயே போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்து, காபிக்குக்கூட அடுப்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு எதிர் வீட்டுப் பெரியவரின் மகள், அந்தச் சாவு வீட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேரை அழைத்துக்கொண்டு வந்து நின்றார். பின்னாலேயே பக்கத்து வீட்டு அம்மா, கையில் அரிசியோடு.

“இப்ப எனக்கும் மொற தெரியுமேங்க” என்றேன்.

“தெரிஞ்சா என்ன? தெரியாதுன்னே இருங்க” என்றார் பெரியவரின் மகள்.

அடுப்பைப் பற்ற வைத்தேன். தெருவே முறையோடு துக்கம் காக்கும் நாளில், பிள்ளைகளின் பசிக்காக முறை தெரியாதவளாக இருந்துகொள்ளும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஊர் என்னை நம்பிக் கொடுத்ததில் அதைவிடப் பெரியதாக வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.