இருக்கட்டும் என்றால் வேண்டாம்

மயிலாப்பூரில் நாங்கள் ஏழு பெண்கள் சேர்ந்து ஒரு பால் நிலையம் நடத்தினோம். தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளுக்குத் தினமும் காலையில் பசும்பால் காய்ச்சி இலவசமாகக் கொடுப்பது எங்கள் வேலை. குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில், ஒரு வக்கீல் தம் குமாஸ்தாக்களுக்காகக் கட்டி, பிறகு பிடிக்காமல் விட்டுவிட்ட இரண்டு அறைகளை எங்களுக்குக் கொடுத்திருந்தார். முன்னறையில் தாய்மார்கள் உட்காருவார்கள், முற்றத்தில் பால் காயும், பின்னறையில் கரியும் விறகும். நான் காரியதரிசி. எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. கையெழுத்து அழகாக இருக்கும் என்பதைத் தவிர அந்தப் பதவிக்கு வேறு தகுதி எதுவும் எனக்குக் கிடையாது.

நல்ல காரியத்துக்காக நாலு பேரிடம் போய்க் கேட்பதுதான் சிரமம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கேட்பதில் எங்களுக்கு வெட்கமே இருந்ததில்லை. நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ளப் போகிற வீட்டில்கூட, சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டுவிடுவோம். கொடுக்க வந்தவரை எப்படித் திருப்பி அனுப்புவது என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு சர்க்கரை வியாபாரி வருஷம் முழுவதும் சர்க்கரை தருவதாகச் சொன்னார், ஆனால் ஒவ்வொரு தம்ளரிலும் அவர் பெயரை வெட்ட வேண்டும். குழந்தை மாவு விற்கும் கம்பெனி ஏஜண்டு ஒருவர், எங்கள் குழந்தைகளிலேயே கொழுகொழு என்று இருப்பவற்றைப் படம் பிடித்து, தங்கள் மாவு தின்று வளர்ந்ததாகப் பத்திரிகையில் போட அனுமதித்தால் தாராளமாகக் கொடுப்பேன் என்றார். சாராயக்கடைக் குத்தகைக்காரர் நிபந்தனை எதுவும் போடவில்லை. அவர் விஷயம் இரண்டு கூட்டங்களைச் சாப்பிட்டது. அப்பன் அவர் கடையில் குடித்ததால்தான் பிள்ளை நம் வாசலில் பாலுக்கு நிற்கிறது என்று நான் கத்தினேன். அப்படியானால் அவர் பணம் நம்மிடம் வருவதுதானே நியாயம் என்று இன்னொருத்தி கேட்டாள். எனக்குக் கோபம் மட்டும் வந்தது.

எது ஏற்கத் தக்கது, எது தகாதது என்று கடைசியில் முடிவு செய்வது தலைவி அம்மாள். பெரிய இடத்து மனுஷி, ஆனால் மனசு வெண்ணெய். யார் முகமும் வாடிப் பார்க்கச் சகிக்காது. எங்கள் கூட்டமோ வெள்ளிக்கிழமைகளில். அரிசி தீர்ந்துபோனால்கூட ‘நிறைஞ்சிருக்கு’ என்று சொல்கிற கிழமையில், லட்சுமி மாதிரிக் கையில் ஏதோ கொண்டுவந்து நிற்பவரிடம் ‘வேண்டாம்’ என்று எந்த வாயால் சொல்வது? அதனால் அவர் ஒரு வழி வைத்திருந்தார். இரண்டு கையையும் லேசாகத் தூக்கி, “இருக்கட்டும், இருக்கட்டும்” என்பார். காபி நீட்டினால் ‘இருக்கட்டும்’ என்று சொல்வோமே, அந்த இருக்கட்டும். எங்கள் தெருக்களில் அது யாருக்கும் புரியும். சர்க்கரைக்காரரும் ஏஜண்டும் சிரித்தபடியே எழுந்து போனார்கள். நான் நடவடிக்கைப் புத்தகத்தில் ‘ஏற்கப்படவில்லை’ என்று எழுதிக்கொள்வேன்.

கொட்டிவாக்கத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் ஒரு பெண், தினமும் காலையில் ஒரு பெண் குழந்தையை மாரோடு கட்டிக்கொண்டு வருவாள். குழந்தை அவளுடையது அல்ல, தங்கையுடையது. தங்கை பிரசவத்திலேயே போய்விட்டாள். அவ்வளவு தூரம் மணலிலும் ரோட்டிலும் நடந்து வந்து, கூடையைச் சந்துமுனையில் தெரிந்தவளிடம் ஒப்படைத்துவிட்டு, குழாயில் கைகால் கழுவிக்கொண்டுதான் உள்ளே நுழைவாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. முதல் நாள் அந்தக் குழந்தையைப் பார்த்தபோது, இது இந்த வாரம் தாண்டாது என்றே நினைத்தேன். இரண்டே மாதத்தில் அது என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

ஒருநாள் எங்கள் பால் பாத்திரம் ஓட்டையாகி, பால் அடுப்பில் வழிந்து தீய்ந்த நாற்றம் சந்து வரைக்கும் போயிற்று. முதலில் முற்றத்துக்கு ஓடி வந்தவள் அவள்தான். தன் புடவைத் தலைப்பால் பாத்திரத்தைப் பிடித்து இறக்கினாள். அடுத்த வெள்ளிக்கிழமை, கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, தலையில் ஒரு பெரிய பித்தளை அண்டாவோடு வந்து வாசலில் நின்றாள்.

“இந்தாம்மா, இத்த வச்சிக்க. என் தங்கச்சி கல்யாணத்துக்கு எங்க நைனா வாங்கிக் குடுத்தது. அவ புருசன் இன்னொருத்தியக் கட்டிக்கப் போறான். இது அவ கைக்குப் போவக் கூடாதுன்னு தூக்கினு வந்துட்டேன். இந்தப் பொண்ணு குடிக்கிற பாலு அவ ஆத்தா அண்டாவுல காயட்டும்.”

நாங்கள் ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏழு பேர் மனசிலும் ஒரே எண்ணம்தான்: மீன் குழம்பு கொதித்த அண்டா. அதில் என்ன சமைத்தாய் என்று கேட்கலாமே என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. தலைவி அம்மாள் இரண்டு கையையும் தூக்கினார்.

“இருக்கட்டும்மா, இருக்கட்டும்.”

அவள் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. “நீ இருக்கட்டும்னுட்டியே, அது போதும்” என்று அண்டாவை இறக்கிவைத்தாள். தலையிலிருந்த சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் ஊரில் இருக்கட்டும் என்றால் இருக்கட்டும்தான்.

கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நான்தான் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தேன், இரண்டு எட்டு வைத்தால் பிடித்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. பேனாவை எடுத்து ‘ஏற்கப்படவில்லை’ என்று எழுதினேன். ஏற்கப்படாத அண்டா என் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தது.

அடுத்த வாரமே தியாகராய நகரிலிருந்து ஒரு பெரியவர் வேறொரு அண்டாவை வண்டியில் அனுப்பினார். புதிதாக அங்கே மனை வாங்கி மாடி கட்டிக்கொண்டு போனவர், நகையும் பாத்திரமும் அடகு பிடித்துக் கடன் கொடுப்பவர். நெற்றி நிறைய விபூதி, ஆசாரமான குடும்பம். பளபளவென்று தேய்த்துக் கொடுத்திருந்தார். கழுத்துப் பட்டைக்குக் கீழே நாலைந்து புள்ளிகள் குத்தியிருந்தன. ஏதோ வேலைப்பாடு என்று நினைத்து, அதன் மேலேயே மஞ்சளும் குங்குமமும் வைத்து அடுப்பில் ஏற்றினோம். இதற்கும் ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

மீன்காரப் பெண்ணின் அண்டா பின்னறைக்குப் போயிற்று. கொஞ்ச நாளில் கரி கொட்டிவைக்க ஏதாவது வேண்டியிருந்தது. அதில் கொட்டலாம் என்று சொன்னது நான்தான். யார் தலையிலும் இதைப் போட முடியாது.

அவள் தினமும் கேட்பாள். “அண்டா நல்லா கீதாம்மா?”

“நன்னா இருக்கு” என்பேன். முற்றத்துக் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன்.

இப்படி ஐந்தாறு மாதம் ஓடிற்று. குழந்தை தவழ ஆரம்பித்திருந்தது. ஒருநாள் காலை, பால் கொடுத்து முடித்த பிறகு, ஈயம் பூசுகிறவன் சந்திலேயே துருத்தியை வைத்துக்கொண்டு எங்கள் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தியாகராய நகர் அண்டாவைக் கவிழ்த்து மணல் போட்டுத் தேய்த்ததில் கரியெல்லாம் போய்ப் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. குழந்தையை இடுப்பில் வைத்தபடி அவள் குனிந்து பார்த்தாள்.

“இது இன்னாம்மா, சாந்தோம் குப்பத்து அண்டா இங்க கீது? சிலுவை குத்திகீது பாரு. வேதக்காரங்க வூட்டுது. பாவம், எவளோ அடகு வச்சி மீக்க முடியாம மூழ்கிப்போய்க்கும்.”

அந்தப் புள்ளிகளை அப்போதுதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன். சிலுவையேதான். பக்கத்தில் ஒரு பெயரை அராவி எடுத்த தடம்கூட இருந்தது. ஆறு மாதமாக மீன்காரர் வீட்டு அண்டாவுக்குத்தான் குங்குமம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் ஈயக்காரனிடம் திரும்பிவிட்டாள்.

“நைனா, எங்க அண்டாவுக்கும் ஒரு பூச்சு பூசிடு. கூலி நான் குடுத்துடறேன். இரு, எத்துனு வரேன்.”

நான் தடுப்பதற்குள், முற்றத்தில் அதைக் காணாமல் பின்னறைக்குள் போய்விட்டாள். பின்னாலேயே ஓடினேன். அவள் அண்டாவின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். குழந்தை எட்டி ஒரு கரித்துண்டை எடுக்கப் பார்த்தது, அவள் அதன் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று மேற்பார்வைக்கு வந்திருந்த தலைவி அம்மாளும் சத்தம் கேட்டு வந்தார்.

“இருக்கட்டும்னு சொன்னியேம்மா நீ.”

தலைவி அம்மாள் திணறினார். “நான்... வேண்டாம்னுதாம்மா சொன்னேன். எங்காத்துல அப்படித்தான் சொல்றது.”

“வேணாம்னா வேணாம்னு சொல்றதுக்கு இன்னா? வாய் நோவுதா? அன்னிக்கே தூக்கினு போயிருப்பேனே. இது தண்ணி ஊத்தி வச்சிருந்த அண்டாம்மா. ஒரு நாளும் இதுல மீன் வேவல. அத்தக்கூட நீ கேக்கல.” என் பக்கம் திரும்பினாள். “நீ தெனம் நன்னா இருக்கு, நன்னா இருக்குன்னியே!”

கத்தவில்லை அவள். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். குழந்தையைக் கீழே விட்டுவிட்டுக் கரியைக் கையாலேயே அள்ளி அள்ளித் தரையில் போட்டாள். காலி அண்டாவைத் தலையிலும் குழந்தையை இடுப்பிலும் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான்காம் நாளும் அவளைக் காணோம். அண்டாவை வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லாமல், ஒரு குழந்தையின் பாலை நிறுத்திவிட்டோம். அதுதான் நாங்கள் செய்தது. தலைவி அம்மாள் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வாரோ என்று நினைத்துக்கொண்டு போனால், அவர் ஏற்கெனவே ஒரு செம்பில் பாலை ஊற்றித் துணி கட்டி வைத்துவிட்டு, ஜட்காவுக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

அடையாற்றுப் பாலம் தாண்டி, திருவான்மியூர் தாண்டி, வண்டி போகிற மட்டும் போய், மீதி தூரம் மணலில் நடந்தோம். அவர் வாழ்நாளில் அப்படி நடந்திருக்க மாட்டார். செம்பை என்னிடம் கொடுக்கச் சொன்னேன், கொடுக்கவில்லை.

குடிசை வாசலில் அண்டா தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தது. அவள் குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். நான்கு நாளில் குழந்தையின் கன்னம் வற்றியிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்தாள், ஆனால் வா என்று சொல்லவில்லை. தலைவி அம்மாள் செம்பை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, முதலில் தான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, குழந்தைக்குப் புகட்ட ஆரம்பித்தாள். அது விட்டு விட்டு மூச்சு வாங்கிக் குடித்தது. குடித்து முடிக்கிற வரைக்கும் மூன்று பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு தலைவி அம்மாள் கேட்டார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத குரல் அல்ல அது, ஊரெல்லாம் கேட்டவர்தான். ஆனால் இந்தத் தடவை அது நடுங்கிற்று.

“தப்பு எங்க மேலதாம்மா. அந்த அண்டாவை எங்களுக்குக் குடு. அதுலதான் பால் காய்ச்சணும்னு இருக்கோம். நானே கொண்டு போறேன்.”

“தர மாட்டேம்மா.”

சொல்லிவிட்டு அவள் அண்டாவின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“அது என் தங்கச்சிது. கரி கொட்டின எடத்துக்கு அத்த திரும்ப அனுப்ப எனக்கு மனசு வரல. நீ நல்லவதான். ஆனா தர மாட்டேன்.”

அவ்வளவு நேராக அவரிடம் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “சரிம்மா. குழந்தையையாவது அழைச்சுண்டு வா” என்றார். அவள் காலிச் செம்பைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். திரும்பும் வழியில் வண்டி பாலத்தின் மேல் வரும்போது தலைவி அம்மாள், “எவ்வளவு சுருக்கா சொல்லிட்டா பாரு” என்றார்.

மறுநாள் பால் காய்ந்து, ஆறி, எல்லாருக்கும் ஊற்றியாயிற்று. ஒரு தம்ளர் மட்டும் மூடி வைத்திருந்தேன். வெயில் ஏறிய பிறகு அவள் வந்தாள். உள்ளே வரவில்லை. குழந்தையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

“தபாரு, நீங்கோ ஒண்ணு சொன்னா எனக்கு வேற ஒண்ணு புரியுது. அதனால கேட்டுனே வரேன். இந்தப் புள்ள இங்க வரணுமா, வேணாமா? வாயத் தொறந்து சொல்லு.”

முன்னறையில் இருந்த தாய்மார்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“வேணும்” என்றேன். அவள் நகரவில்லை. “வேணும், வேணும்” என்று உரக்கச் சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போய்க் கையை நீட்டினேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குழந்தையை என் கையில் கொடுத்தாள்.