கோப்பிச் செடிகளைக் கொன்றவன்

வாப்பாவின் கோப்பிச் செடிகளைக் கொன்றது நான்தான். நோயுமில்லை, வறட்சியுமில்லை. நெல்லுக்குள் முளைக்கும் புல்லை அழிக்க வாங்கிய மருந்தை முதுகில் சுமந்து போய், என் கையாலேயே அடித்தேன்!

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? தெரியவில்லை... சொல்ல வேண்டியவரிடம் சொல்லாமல் விட்டவன், முகம் தெரியாத உங்களை இப்போது பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் வீடு அக்கரைப்பற்றில். காணி சாகாமத்தில், குளத்துக்கட்டுக்குக் கீழே, எங்கள் வயலை ஒட்டி. கோப்பி மலைநாட்டுப் பயிர், இந்த வெக்கையில் நிற்காது என்று ஊரே சிரித்தது. வாப்பா பலாவையும் முள்முருக்கையும் நிழலுக்கு வளர்த்து, அதன் கீழே கோப்பி நட்டார். சாணமும் தழையும் தவிர வேறெதையும் அந்த மண்ணில் விடமாட்டார். கடைப் பசளை காணி வாசல் படலையைத் தாண்டியதில்லை. சாணம் சுமந்தது யார்? நான்! ஏழு வருடமாக, மண்ணை வறளவைக்கும் கச்சான் காற்று வீசும்போதெல்லாம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியதும் நான்தான்.

பிறகு தங்கை பௌசியாவுக்குச் சாய்ந்தமருதில் மாப்பிள்ளை பேசினார்கள். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனால் கோப்பிக் காணியையும் அவளுக்கே எழுதப்போவதாக வாப்பா சொன்ன அன்று... நான் சுமந்த ஏழு வருடமும் வீண் என்று பட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. நானாவது வாய் திறந்தேனா? அதுவுமில்லை.

கலியாண நாள் குறிக்க எல்லோரும் சாய்ந்தமருதுக்குப் போன காலையில், நான் சாகாமத்துக்குப் போனேன். மூன்று டாங்கி மருந்து அடித்தேன். ஒரு செடியைக்கூட விடவில்லை! அதைத்தான் இன்றுவரை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

பத்து நாளில் இலைகள் சுருண்டு கருகின. வாப்பா ஒவ்வொரு செடியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். ஒரேயொரு தடவைதான் கேட்டார்.

"மகன், நீ வயலுக்கு அடிச்ச மருந்து காத்துல இஞ்சால வந்திரிக்குமோ?"

"இல்ல வாப்பா. நான் இந்தப் பக்கம் மருந்தே அடிக்கல்ல."

"அப்ப என்ட பிழைதான். சாணத்த மட்டும் நம்பாத எண்டு எல்லாரும் சொன்னாங்க. நான்தான் கேக்கல்ல."

நம்பிவிட்டார்! என்னைச் சந்தேகப்பட்டு இரண்டு அறை அறைந்திருந்தால், அன்றே உண்மையைக் கொட்டியிருப்பேனோ என்னவோ...

பௌசியாவின் கலியாணம் நடந்தது. கோப்பியில்லாத காணியைத்தான் அவளுக்கு எழுதினார். அதோடு விட்டாரா? தன்னிடம் கன்று வாங்கித் தன் முறைப்படியே நட்டிருந்த நான்கு வீடுகளுக்கும் போனார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"இப்ப பச்சையாத்தான் நிக்கும். என்டதும் அப்படித்தான் நிண்டது. என்ட கதையக் கேட்டு நீங்களும் ஏமாறாதீங்க, புடுங்கிப் போட்டிருங்க."

பிடுங்கிவிட்டார்கள். நோய் நொடியில்லாமல் காய்த்து நின்ற செடிகள்! அதன் பிறகு வாப்பா சாகாமத்துக்குப் போகவேயில்லை. தன் வேலையைப் பற்றி யாரிடமும் பேசவுமில்லை.

சில வருடங்களில் மௌத்தாகிவிட்டார். அடக்கம் செய்ய ஜனாஸாவைத் தூக்குமுன், போனவருக்காக மகன்தான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும், அது வழக்கம். கேட்டேன்.

"எங்கட வாப்பாவால ஆருக்கும் மனக்குறை இருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க..."

கடைசி வார்த்தையை இரண்டு தரம் சொன்னேன். துக்கம் என்று நினைத்திருப்பார்கள். கூட்டத்திலிருந்து ஒருவர், அந்த நான்கு வீட்டாரில் ஒருவர், குரல் கொடுத்தார்.

"அந்தக் கோப்பி விசயத்த நாங்க மனசுல வெச்சிக்கல்ல தம்பி. உங்கட வாப்பாவ மன்னிச்சிட்டம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாமே! வாய்வரைக்கும் வந்தது... அறைக்குள் பௌசியா அழுவது கேட்டது. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் வாப்பாவை மன்னித்ததற்காக, நான் அந்த மனிதருக்கு நன்றி சொன்னேன்.