ஈப்போவின் வலது கண்

கோப்பாய் நாகலிங்கம் மலாயா ரயில்வேயில் முப்பது வருடம் உத்தியோகம் பார்த்துவிட்டுப் பென்சனோடு ஊர் திரும்பியவர். ஊர் அவரை ஸ்ரேசன் மாஸ்ரர் என்றது. அவர் மாஸ்ரராக இருந்த ஸ்ரேசனில் நாளைக்கு இரண்டு ரயில்தான் நிற்கும் என்பதையும், அதில் ஒன்று தண்ணீர் பிடிக்க நின்றது என்பதையும் பிற்காலத்தில் அவரே எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பார். அதற்கு முன் மூச்சுவிடவில்லை.

மலாயாவிலிருந்து அவர் கொண்டுவந்தவற்றில் நெடுநாள் உழைத்தது மூக்குத்தூள் பழக்கந்தான். தலைமைக் கிளாக்கர் ஒருவர் வெள்ளி டப்பியைத் தட்டித் தட்டித் தூள் போடுவதைப் பார்த்து, பெரிய உத்தியோகத்துக்கு அதுதான் வழி என்று நினைத்துப் பழகினார். உத்தியோகம் வரவில்லை. தூள் மட்டும் வந்து மூக்கில் குடியேறியது. காலப்போக்கில் அந்த மூக்கு கண்ணாடி தாங்குவதற்கு மட்டும் உதவியது. மல்லிகையும் கருவாடும் அவருக்கு ஒன்றுதான். இதை அவர் மனைவி இரத்தினம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும், "குழம்பு நல்ல வாசமாய் இருக்குது" என்று சொல்வதையும் ஒரு நாளும் விடவில்லை. அந்தச் சொல் கேட்டு இரத்தினம்மாவின் முகம் மலரும். நாகலிங்கம் உண்மையைத் தள்ளிவைத்துவிட்டுச் சோற்றைப் பிசைவார்.

பிள்ளைகள் இல்லாத வீடு. பென்சன்காரருக்குப் பொழுது போகவேண்டாமா? மிஷன் பங்களாத் தோட்டத்தில் வேலைசெய்த யாகோப்புவிடமிருந்து ஒரு சோடி வெள்ளை முயல் வாங்கிவந்தார். ஆண் முயலை வந்த மாதமே கீரி கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய பெண் முயலுக்கு ஈப்போ என்று பெயர் வைத்தார். ஈப்போ மலாயாவில் பெரிய ஸ்ரேசன். அங்கே மாற்றம் கிடைக்கவேண்டும் என்று முப்பது வருடம் ஏங்கியவர், கடைசியில் அந்த ஆசையை ஒரு முயலின் தலையில் கட்டித் தீர்த்துக்கொண்டார்.

ஈப்போ அவர் மடியில் படுத்துத்தான் அறுகம்புல் தின்னும். அவர் பத்திரிகை வாசித்தால் காதை நிமிர்த்திக் கேட்கும். உலகத்தில் தன் பேச்சை இடைமறிக்காமல் கேட்ட ஒரே சீவன் அதுதான் என்று அவர் நம்பினார், அதன்மேல் உயிரையே வைத்தார்.

வெள்ளை முயலுக்குக் கண் இயல்பாகவே சிவப்பு. அதனால் நோய் வந்தது முதலில் தெரியவில்லை. ஒருநாள் இடது கண்ணில் நீர் வடிந்து கன்னத்து மயிர் ஒட்டிக்கிடந்தது. பிறகு பீளை கட்டி இமை மூடிக்கொண்டது. வைத்தியம் பார்க்கிற பரியாரி சொன்னபடி நந்தியாவட்டைப் பூவின் சாறு விட்டார்கள். சுகம் வந்தது. பத்து நாள் போகவில்லை, பழையபடி வடிந்தது. திரும்பவும் சாறு, திரும்பவும் சுகம், திரும்பவும் பீளை. இப்படியே மாசிப் பனி போய்ச் சித்திரை வெயில் வந்தது.

"வருத்தமெண்டால் மருந்துக்குக் கேக்கவேணும். கேக்கேல்லையெண்டால் அது நாவூறு" என்றார் நாகலிங்கம்.

பொல்லாத கண் பட்டு வரும் நாவூறா இல்லையா என்று அறிய ஊரில் ஒரு வழி உண்டு. உப்பையும் செத்தல் மிளகாயையும் கையில் பொத்தி, வருத்தக்காரரைச் சுற்றி, நெருப்பில் போடுவார்கள். மிளகாய் நெடி அடித்தால் அது வெறும் வருத்தம். அடிக்காவிட்டால் நாவூறு. இரத்தினம்மா முயலைச் சுற்றிப் போட்டாள். போட்ட கையோடு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். நாகலிங்கம் அடுப்புக்குமேல் குனிந்து மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"மணமே இல்லை. பாத்தீரே, நாவூறுதான்."

"எனக்குத் தொண்டை அடைக்குதே" என்று கிணற்றடியிலிருந்து குரல் வந்தது.

"அது உமக்குச் சளித் தடிமன்."

அவருக்கும் கண்ணீர் கொட்டியது. அது முயலை நினைத்து வந்த கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்.

நாவூறு என்றால் யாரோ பார்த்திருக்கவேண்டும். பார்த்தது யார்? அடுத்த வீட்டு வளவில் இருந்தவன் இரத்தினம்மாவின் தம்பி ஏரம்பு, தோட்டக்காரன். வேலியில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டு இருந்தது. அதால் காலையில் வந்து அக்காவின் கையால் கோப்பி குடித்துவிட்டு, முயற்கூட்டடியில் நின்று, "அத்தான், உது என்ன வடிவு. பஞ்சுப் பொதிதான்" என்று சொல்லிவிட்டுப் போவான். இதற்குமேல் சாட்சி வேண்டுமா?

நாகலிங்கம் கூட்டைச் சுற்றிச் சாக்குக் கட்டினார். கண் மோசமானது. சாக்குக்குமேல் தென்னோலைக் கிடுகு வேய்ந்தார். இன்னும் மோசமானது. ஏரம்புவின் பார்வை கிடுகையும் துளைக்கிறது என்று முடிவுகட்டி, மலாயாவிலிருந்து கொண்டுவந்த றப்பர் சீலையையும் இழுத்துப் போர்த்தார். கடைசியில் ஏரம்புவின் முகத்துக்கு நேரே, "உம்முடைய கண் பொல்லாதது, இனி இஞ்சாலை வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டு, வேலிப் பொட்டையும் அடைத்தார். இரத்தினம்மா தம்பி வீட்டுக்குப் போக தெரு ஒழுங்கையால் சுற்றவேண்டியதாயிற்று.

"உந்தக் கூடு நாறுது. அடியிலை கிடக்கிற சாக்கையாவது ஒருக்கா எடுத்தெறியுங்கோவன்" என்று அவள் பலமுறை சொன்னாள்.

"நாறினால் எனக்கு மணக்காதே?" என்பார் நாகலிங்கம். தினமும் றப்பர் சீலையைத் தூக்கித் தலையை உள்ளே விடும்போது அவர் கண் எரிந்து நீர் வழியும். பாசம் பொல்லாதது என்று துடைத்துக்கொள்வார்.

ஆவணியில் ஈப்போவின் இடது கண்ணில் வெள்ளையாகப் பூ விழுந்தது. விரலை ஆட்டினால் அந்தப் பக்கம் அது திரும்பவில்லை. அன்று நாகலிங்கம் நிசமாகவே அழுதார். அடுத்த கிழமை வலது கண்ணிலும் நீர் வடியத் தொடங்கியது. அதுவும் போனால் முழுக்குருடு. சோறு இறங்கவில்லை அவருக்கு.

இதற்கிடையில் ஈப்போ கூட்டுப் பலகையைக் கறண்டி, வேலிக்கடியில் மண்ணைத் தோண்டி, எந்தப் பொல்லாத கண்ணுக்குப் பயந்து அதை மூடிவைத்தாரோ அந்தக் கண்ணுக்குரியவனின் வளவுக்கே போய்ச் சேர்ந்தது. ஏரம்பு அக்காவிடம் சொல்லி அனுப்பினான். மாஸ்ரருக்கு வீறாப்பு. போய்க் கேட்கவில்லை. நாலைந்து நாள் பொறுத்து இரத்தினம்மாதான் ஒழுங்கையால் போய்த் தூக்கிவந்தாள். வலது கண் கழுவிவிட்டதுபோலத் தெளிந்து கிடந்தது.

"மிளகாய் இப்பதான் வேலை செய்திருக்குது" என்று சொல்லி, நாகலிங்கம் பலகையை இறுக்கி அறைந்து, முயலை உள்ளே விட்டு மூடினார். அந்தக் கிழமையே கண் திரும்பவும் வடிந்தது.

வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. "ஏரம்பு, என்ன மருந்து போட்டனீர்?"

"ஒண்டும் போடேல்லை அத்தான். வளவுக்கை காத்துப்பட ஓடித் திரிஞ்சுது." நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்.

நாகலிங்கம் அதை நம்பவில்லை. மருந்தை ஒளிக்கிறான் என்று நினைத்தார்.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. இணுவில் கந்தசுவாமி கோவிலுக்குப் போய், ஆறு நாளும் மூக்குத்தூள் தொடமாட்டேன், என் முயலின் கண்ணைத் திறந்துவிடு முருகா என்று நேர்ந்தார். விரதக்காரர் சோற்றை விடுவார்கள். அவருக்குச் சோற்றை விடுவது பெரிய காரியமாகத் தெரியவில்லை. டப்பியைத்தான் இரண்டு தரம் திறந்து மூடிவிட்டு இரத்தினம்மாவிடம் கொடுத்தார். இரண்டு நாள் தலை இடித்தது. அடுத்த நாட்களில் மூக்கு வாய்க்காலாக ஓடியது.

சூரன் போர் அன்று விடிய, மழை விட்டிருந்த முற்றத்தில் இறங்கியவர் அப்படியே நின்றார். ஏதோ ஒன்று மூக்கில் ஏறியது. ஈர மண். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஈர மண். நெஞ்சு நிறைந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையை இறக்குமுன் இன்னொரு நாற்றம் வந்து மூக்கில் அறைந்தது.

எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்தார். அடுத்த நொடியே, எல்லாம் ஏரம்புவின் எருக்கும்பிதான் என்று தோன்றியது. வேலியடிக்குப் போனார். அங்கே நாற்றம் குறைந்தது. திரும்பி நடந்தார். கூடியது. மூக்கு இழுத்த இழுப்புக்குப் போனவரை அது தன் முயற்கூட்டடியில் கொண்டுபோய் நிறுத்தியது. றப்பர் சீலையைத் தூக்கினார். மூத்திரம் ஊறிய சாக்கிலிருந்து எழுந்த காரம் முகத்தில் அடித்தது. கண் எரிந்து நீர் வழிந்தது, எப்போதும்போல. அப்போதுதான் அது பாசமில்லை என்று தெரிந்தது. ஈப்போ அந்தக் காரத்துக்குள்ளே மூலையோடு ஒட்டிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது.

முருகன் முயலின் கண்ணைத் திறக்கவில்லை, என் மூக்கைத் திறந்துவிட்டான் என்று பிற்காலத்தில் சொல்வார். அந்த நேரம் அவருக்கு எந்தப் பகிடியும் வரவில்லை. இடுப்பில் சால்வையைக் கட்டிக்கொண்டு றப்பர் சீலை, கிடுகு, சாக்கு எல்லாவற்றையும் பிய்த்தெறிந்தார். கூட்டைத் தேய்த்துக் கழுவி, காற்றுப்படுகிற இடமாக மாமரத்தடியில் வைத்தார். அன்றையிலிருந்து ஒவ்வொரு நாளும் மூக்கை முதலில் விட்டுப் பார்த்துத்தான் கையை விடுவார். டப்பியைத் திருப்பிக் கேட்கவில்லை. மார்கழித் திருவெம்பாவைக்குள் வலது கண் தெளிந்தது. இடது கண்ணில் பூ அப்படியே நின்றது.

அதற்குப் பிறகு செய்யவேண்டியது ஒன்று மிச்சமிருந்தது. ஒருநாள் காலை நாகலிங்கம் தன் கையாலேயே வேலிப் பொட்டைத் திறந்து ஏரம்புவைக் கூப்பிட்டார். இரத்தினம்மா இருவருக்கும் கோப்பி கொண்டுவந்தாள்.

"பிழை உம்மிலை இல்லை. எனக்கு மூக்குத்தான் செத்துப்போய்க் கிடந்தது. இருவது வருசமாய் ஒரு மணமும் தெரியாது."

இரத்தினம்மா கோப்பியை நீட்டிய கையோடு நின்றாள். "அப்ப, என்ரை குழம்பு வாசமெண்டு சொன்னது?"

மாஸ்ரர் கோப்பியை வாங்கி மணந்து பார்த்து, "இது நல்ல வாசம்" என்றார். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

ஏரம்பு கூட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றான். ஆனால் ஈப்போ இருந்த பக்கம் முகத்தைத் திருப்பவேயில்லை. மாமரத்தைப் பார்த்தான், வேலியைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான். நாகலிங்கத்துக்கு நெஞ்சு கரைந்தது. முயலைத் தூக்கி அவன் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"பாரும் ஏரம்பு. நல்லாய்ப் பாரும்."

ஏரம்பு மெல்ல நிமிர்ந்து பார்த்தான். "வலக்கண் வடிவாய் இருக்குது அத்தான். இடக்கண்?"

"அது நான் பார்த்த பார்வை" என்றார் நாகலிங்கம்.

ஏரம்பு அவர் கையிலிருந்து முயலை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.